தால்சிம்: விளையாட்டிலிருந்து திரைக்கு



பிள்ளைகள் ஆடும் சண்டை விளையாட்டுகளின் வரலாற்றையும் நாம் அறிந்திருத்தல் நலம் என்பது, லோபாக்கில் தமிழ் கற்பிக்கும் என் எண்ணம்.

ஜப்பானின் கேப்கோம் நிறுவனம் 1991-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டை வெளியிட்டது. தேர்ந்தெடுத்து ஆட எட்டு வீரர்கள். அவர்களுள் ஒருவர் இந்தியர், பெயர் தால்சிம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, நீளும் கைகால்கள், வாயிலிருந்து தீ. யோகி என்றால் வித்தைக்காரர் என்னும் அயலார் கற்பனையே அவ்வுருவம்.

1994-இல் கிசாபுரோ சுகீ அதனை அசைவூட்டத் திரைப்படமாக்கினார். விளையாட்டிற்கு வெற்றி தோல்வி போதும்; திரைப்படத்திற்குக் கதை வேண்டும். எனவே ரியூ, கென் ஆகியோரின் நட்பு கதையின் நடுவே நின்றது. தீயவன் கென்னை மனவசியம் செய்து நண்பன்மீதே ஏவுகிறான். தால்சிமுக்குக் கிட்டியதோ, ஹோண்டாவுடன் மோதும் சிறு பகுதியே. அதே ஆண்டில் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட ஆங்கிலப் படத்திலோ, ரோஷன் சேத் ஏற்ற தால்சிம் ஓர் அறிவியலாளர்.

பெயர் ஒன்று, உருவம் எழுதுவோர் விருப்பம். ஆகவே, விளையாட்டைத் தடுப்பதோடு நில்லாமல், “தால்சிமின் கதையை நீ எவ்வாறு எழுதுவாய்?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதுவே நல்லதொரு கட்டுரைப் பயிற்சி. நம் கதையை நாமே எழுதப் பழகுவோம்.