மேலாண்மை ஆலோசனைக் கல்வி: குழுத் திட்டங்களின் வரலாறு

நான்கைந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சில வாரங்கள் ஆராய்கிறார்கள். பிறகு அந்நிறுவனத்தின் மேலதிகாரிகள் முன்னால் நின்று தீர்வைச் சொல்கிறார்கள். மேலாண்மை ஆலோசனை என்னும் தொழிலைக் கற்பிக்க உலகின் பல வணிகக் கல்லூரிகள் இன்று பின்பற்றும் முறை இதுதான். புதிய முறை என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், இதன் வேர் நூறாண்டுக்கு மேல் பழையது.

தொழில் முதலில் வந்தது, கல்வி பின்னால் வந்தது. ஆர்தர் டி. லிட்டில் 1886-இல் பாஸ்டனில் தொடங்கிய நிறுவனம் வேதியியல் ஆய்வையே முதன்மையாகச் செய்தது. 1914-இல் எட்வின் பூஸும், 1926-இல் கணக்கியல் பேராசிரியரான ஜேம்ஸ் மெக்கின்சியும் சிகாகோவில் தத்தம் கடையைத் திறந்தார்கள். அந்தக் காலத்து ஆலோசகர் பெரும்பாலும் அனுபவம் பழுத்த ஆள். மெக்கின்சி நிறுவனத்தை வழிநடத்திய மார்வின் போவர் 1950களில் இதை மாற்றினார். எம்பிஏ முடித்த இளைஞர்களை நேரடியாக எடுத்துப் பழக்கத் தொடங்கினார். அனுபவம் இல்லாதவரை அனுபவசாலிக்கு யோசனை சொல்ல அனுப்புவது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையாக எழுந்தது. 1963-இல் அங்கே சேர்ந்த பார்பரா மின்டோ, முடிவை முதலில் சொல், காரணங்களை அதன் கீழே அடுக்கு என்று எழுத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஆலோசனை அறிக்கைகள் இன்றும் அந்த இலக்கணப்படியே எழுதப்படுகின்றன.

வகுப்பறையின் கதை வேறு. 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகக் கல்லூரியில், 1910களின் தொடக்கத்தில் ஆர்ச் ஷா என்ற பதிப்பாளர் ஒரு பாடம் நடத்தினார். தொழிலதிபர் ஒருவர் வகுப்புக்கு வந்து தம் நிறுவனத்தின் தலைவலியைச் சொல்வார். மாணவர்கள் தங்கள் யோசனையை எழுதித் தருவார்கள். அவரே திரும்பி வந்து அவற்றைப் பற்றி அவர்களோடு விவாதிப்பார். கிளையன்ட் நேரிலேயே உட்கார்ந்திருந்த வகுப்பு அது. ஆனால் வாரந்தோறும் ஒரு முதலாளியைப் பிடித்து வருவது லேசான காரியமா? 1919-இல் டீனாக வந்த, சட்டம் படித்த வாலஸ் டோனம், சட்டக் கல்லூரிகளில் பழகிய வழியில் சிக்கல்களை எழுத்தில் வடிக்கச் செய்தார். 1921-இல் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றிய முதல் ‘கேஸ்’ வெளிவந்தது. அதன்பின் கிளையன்ட் காகிதத்துக்குள் போய்விட்டார்.

காகிதக் கேஸில் ஒரு வசதி உண்டு. சிக்கல் எது என்று ஆசிரியர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பார், வேண்டிய புள்ளிவிவரம் பின்னிணைப்பில் இருக்கும். ஆலோசகருக்குக் கடினமான பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதை உணர்ந்தவர்களில் ரெஜ் ரெவன்ஸ் முக்கியமானவர். அவர் இயற்பியலாளர். 1940களில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் பயிற்சிப் பொறுப்பேற்றபோது, சுரங்க மேலாளர்களுக்கு விரிவுரை நடத்த அவர் ஆள் தேடவில்லை. அவர்களையே சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒருவர் சுரங்கத்தின் சிக்கலை மற்றவர்கள் கேள்வி கேட்டுத் துருவும்படி செய்தார். செயல்வழிக் கற்றல் என்று பின்னாளில் பெயர் பெற்ற முறையின் தொடக்கம் இது.

பிரான்சில் மாணவர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. 1967-இல் எசெக் கல்லூரி மாணவர்கள் ‘ஜூனியர் எசெக்’ என்ற அமைப்பை நிறுவி, கட்டணம் வாங்கிக்கொண்டே நிறுவனங்களுக்கு ஆய்வு செய்து கொடுத்தார்கள். அது நாடெங்கும் பரவி, 1988-இல் பிரேசிலுக்குப் போனது. அங்கே இத்தகைய மாணவர் நிறுவனங்களுக்கென்றே 2016-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

பாடத்திட்டத்தின் நடுவில் கிளையன்டைத் திரும்பக் கொண்டுவந்ததில் மிச்சிகன் பல்கலைக்கழக வணிகக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு இன்றைய பெயர் ராஸ். டீன் ஜோசப் வைட் தொழில் நிறுவனத்திலும் வேலை பார்த்தவர். அவர் காலத்தில், 1992-இல், ‘மேப்’ என்ற திட்டம் தொடங்கியது. முதலாண்டு எம்பிஏ மாணவர்கள் ஏழு வாரம் மற்ற வகுப்புகளை நிறுத்திவிட்டு ஒரே ஒரு நிறுவனத்தின் வேலையில் இறங்குவார்கள். வெவ்வேறு துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டுவார்கள்.

இத்தகைய திட்டங்களில் முதல் வாரமே பெரும்பாலும் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. “விற்பனை குறைகிறது, விளம்பரத்துக்கு யோசனை சொல்லுங்கள்” என்பார் கிளையன்ட். டீலர்களிடம் பேசிப் பார்த்தால், சரக்கே நேரத்துக்கு வருவதில்லை என்று தெரியவரும். வேலையின் எல்லை எது, கையில் என்ன கொடுக்கப்போகிறோம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்காத குழு, கடைசி வாரம் வரை ஸ்லைடுகளை மாற்றிக்கொண்டே இருக்கும். குழுவுக்குள் ஒருவர் உழைக்க, மூவர் பெயர் போட்டுக்கொள்ளும் பழைய நோயும் இங்கே உண்டு. அதனால்தான் பல கல்லூரிகள் சக மாணவர் தரும் மதிப்பீட்டையும் மதிப்பெண்ணில் சேர்க்கின்றன.

மிச்சிகன் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலாவில் படித்த சி.கே. பிரகலாத் அங்கே பேராசிரியராக இருந்தார். ஏழைகளைச் சந்தையாகப் பார்த்து 2004-இல் அவர் வெளியிட்ட நூலின் கள ஆய்வுகளில் பல, அவருடைய எம்பிஏ மாணவர்கள் நேரில் சென்று தயாரித்தவை. மத்தியப் பிரதேசச் சோயா விவசாயிகளுக்காக ஐடிசி நிறுவனம் 2000-இல் தொடங்கிய இ-சௌபால் பற்றிய ஆய்வு அவற்றில் ஒன்று. முன்பெல்லாம் மண்டிக்கு வண்டி போன பிறகுதான் விவசாயிக்கு விலையே தெரியும். விலை பிடிக்காவிட்டாலும் சுமையோடு திரும்ப முடியாது. கைத்தராசில் எடை குறையும், மூட்டை சிந்தும், பணம் தாமதமாக வரும். ஊரிலேயே ஒரு விவசாயி வீட்டில் கணினி வைத்து முன்கூட்டியே விலை சொன்னதும், மின்னணுத் தராசில் நிறுத்து உடனே பணம் கொடுத்ததும் எதையெல்லாம் மாற்றின என்பதைப் படிப்படியாக அந்த அறிக்கை விளக்கியது. இது ஆலோசனைப் பணி அல்ல, ஆய்வுதான். ஆனாலும் களத்தில் நின்று கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

2011-இல் ஹார்வர்டும் ‘ஃபீல்டு’ என்ற பாடத்தைத் தொடங்கி, தன் மாணவர்களைக் குழுக்களாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பியது. கேஸ் முறையின் தாய்வீடே ஆர்ச் ஷாவின் பக்கம் திரும்பிப் பார்க்கச் சுமார் நூறாண்டு ஆகியிருக்கிறது.

குறைகளும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் உழைப்பாக மாணவர்களைப் பார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. தீர்வைச் சொல்லிவிட்டுக் குழு போய்விடுவதால், அது பலித்ததா என்று பார்க்கும் வாய்ப்பு மாணவர்களுக்கு அநேகமாக இல்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

இந்தியாவில் எம்பிஏ மாணவர் தொழிலைத் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில்தான், அதுவும் தனியாளாக. 2004-இல் தொடங்கிய சென்னை கிரேட் லேக்ஸ் கல்லூரி, ‘கர்ம யோகா’ திட்டத்தில் மாணவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. மற்றக் கல்லூரிகளும் கிளையன்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிகளும், கோவையில் பம்ப்செட் பட்டறைகளும், சிவகாசியில் அச்சகங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரிய ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வசதியில்லாத அந்த முதலாளிகளின் கதவைக் கல்லூரிகள்தான் முதலில் தட்ட வேண்டும்.