லயமும் சரித்திரம்தான்

மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடிப் போவது பழைய கதை. 1876-78 பஞ்சத்திலும், அதற்கு முன்னும் பின்னும், ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அங்கே முதலில் காப்பிதான். 1869-ல் இலைத்துரு நோய் தோன்றி, போகப் போக அதை அழித்தது. 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை போட்டிருந்தார். பிறகு மலையெங்கும் தேயிலைதான்.

கண்டி அருகே ஹந்தானையில் பழைய தேயிலை ஆலையை அருங்காட்சியகமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இயந்திரத்தைப் பார்த்தால் போதுமா? கொழுந்து கிள்ளிய கை யாருடையது? அதைச் சொல்லத்தான் கம்பளை அருகே, தொழிலாளர் குடியிருந்த லய அறைகளிலேயே 2007-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். துரை பங்களா மட்டுமல்ல, ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்தச் சின்ன அறைகளும் சரித்திரம்தானே!

1964 ஒப்பந்தப்படி திரும்பிய குடும்பம் உங்கள் ஊரிலும் இருக்கலாம். பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு பரணில் கிடந்தால் குப்பையில் போட்டுடாதீங்க. விதையைப் போல, ஈரமும் கரையானும் அண்டாமல் தகரப்பெட்டியில் வையுங்க. எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் இப்பவே கேட்டு எழுதி வையுங்க.