தன்னிச்சை உமிழ்வும் உருளைச் சூழலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கிளர்ச்சியுற்ற அணு ஒளியை உமிழ்ந்து தாழ்நிலைக்குத் திரும்புவதைத் தமிழில் ‘தன்னிச்சை உமிழ்வு’ என்கிறோம். உமிழ்வின் வேகம் அணுவுக்கே உரியது என்ற பொருளை இச்சொல் தருகிறது. அக்கருத்து எவ்வாறு தளர்ந்தது என்பதையும், அதில் மெல்லிய உருளைகள் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்பாட்டின் வளர்ச்சி

1916இல் ஐன்ஸ்டைன் தன்னிச்சை உமிழ்வையும் தூண்டு உமிழ்வையும் வேறுபடுத்தினார். 1927இல் டிராக் மின்காந்தப் புலத்தையே குவாண்டமாக்கி உமிழ்வு வீதத்தைக் கணக்கிட்டார். அணு இருக்குமிடத்தில் ஒளி செல்லக்கூடிய புல முறைகளைப் பொறுத்தே வீதம் அமையும் என்பது அக்கோட்பாட்டின் உட்கிடை.

அதனை வெளிக்கொணர்ந்தவர் பர்செல். 1946இல் அவர் வெளியிட்ட குறிப்பு ஒளியைப் பற்றியதன்று. ரேடியோ அதிர்வெண்ணில் நிகழும் அணுக்கருக் காந்த மாற்றங்களைப் பற்றியது. வெற்றுவெளியில் 5×10²¹ வினாடி ஆகும் நிகழ்வு, 10⁻³ செ.மீ. விட்டமுள்ள உலோகத் துகள்கள் அருகிருப்பின் சில நிமிட அளவில் முடியும் என்று அவர் மதிப்பிட்டார். பின்னர் டிரெக்ஸ்ஹேகு, கண்ணாடியருகே வைத்த யூரோப்பிய அயனிகளின் ஆயுட்காலம் தொலைவுக்கேற்ப ஏறியிறங்குவதைக் கண்டார். மின்கடத்தாப் பொருள்களும் கடத்திகளும் அருகிருக்கையில் நிகழும் உமிழ்வுக்கான பொதுக் கோட்பாட்டை 1975இல் இந்திய இயற்பியலாளர் ஜி. எஸ். அகர்வால் அளித்தார். உமிழ்வைத் தடுக்கவும் இயலும் என 1981இல் கிளெப்னர் காட்டினார். 1985இல் அவர் குழுவினர் அதனைச் சோதனையில் மெய்ப்பித்தனர்.

உருளையின் தனித்தன்மை

உருளையருகே உள்ள அணுவின் ஆற்றலுக்கு மூன்று வழிகள் உண்டு: வெளியில் பரவுதல், உருளை வழியே செல்லுதல், உலோகமாயின் வெப்பமாக அழிதல். எவ்வழி மேலோங்கும் என்பதைத் தொலைவும் அணுவின் இருமுனை நோக்கும் திசையும் தீர்மானிக்கின்றன. உருளையைத் தழுவிச் செல்லும் புலம் அலைநீளத்தின் ஒரு சிறு பகுதிக்குள் தேய்ந்துவிடுவதால், அணு மிக அருகில் இருந்தாக வேண்டும்.

நானோ இழையருகே அணுவின் உமிழ்வை 2004இல் கிளிமோவும் டியுக்ளாயும் ஆராய்ந்தனர். சீசியம் அணுவின் உமிழ்வில் 28 விழுக்காடு வரை இழைக்குள் புகும் என 2005இல் லெ கியென் குழுவினர் கணக்கிட்டனர். 2007இல் கே. பி. நாயக் முதலியோர் சீசியம் அணுக்களின் ஒளியை இழை வழியே பெற்றனர். அதே ஆண்டில் அகிமோவ் குழுவினர், குவாண்டம் புள்ளியின் உமிழ்வை வெள்ளி நானோ கம்பியில் செலுத்தினர்.

இவ்விரு உருளைகளையும் சேலம் வட்டாரத்து வாசகர் தம் அனுபவத்தோடு ஒப்பிடலாம். கொலுசுக்கு வெள்ளிக்கம்பி இழுப்பது அங்கு அறிந்த தொழில். கண்ணாடி இழையும் சுடரில் இளக்கி இழுத்தே மெலிதாக்கப்படுகிறது. வெள்ளி நானோ கம்பியோ இழுக்கப்படுவதன்று. கரைசலில் வேதிமுறையால் வளர்க்கப்படுவது. வெள்ளியின் குறையும் கருதத்தக்கது: அது புலத்தை மிக இறுக்கமாகப் பிணைக்கிறது; ஆயினும் மிக நெருங்கிய ஒளிமூலத்தின் ஆற்றலை வெப்பமாக விழுங்குகிறது. கண்ணாடி இழை பிணைப்பில் தளர்ந்தது, இழப்பில் குறைந்தது.

முடிவுரை

அணுவின் நிறமாலை வரி பெரும்பாலும் அணுவைச் சார்ந்தது. உமிழ்வின் வேகமும் திசையுமோ அணுவும் சூழலும் சேர்ந்து அமைப்பவை. ஒற்றை ஒளித்துகளைத் திரட்டி அனுப்பும் கருவிகள் இவ்வுண்மையின் மேல் நிற்கின்றன. ‘தன்னிச்சை உமிழ்வு’ என்னும் வழக்கை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வெளித்தூண்டல் இன்மையையே அது குறிக்கிறது, சூழலின் பங்கின்மையை அன்று, என்ற விளக்கம் பாடநூல் வரையறையில் இடம்பெறுதல் வேண்டும்.