இரண்டு சூரிய உதயம் கண்ட விமானம்

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாரும் டுபாயும் இப்போது நாலரை, ஐந்து மணித்தியாலப் பயணம். அக்கரைப்பற்றிலிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில் போகத்தான் அதைவிடக் கூட நேரம் எடுக்கிறது! ஆனால் 80 வருடங்களுக்கு முன் நமது இலங்கையிலிருந்து கிளம்பிய ஒரு விமானம், எங்கும் இறங்காமல் 30 மணித்தியாலம் வரை வானிலேயே இருந்தது. பலருக்கு இது தெரியாது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இருந்த விமானப் பாதை அத்தோடு அறுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள். நம்ம மட்டக்களப்புக் கடலில் தாண்டு கிடக்கும் 'ஹேர்மிஸ்' கப்பலும் அந்த ஏப்ரல் 9இல் அடிபட்டதுதான்.

அறுந்த பாதையை ஒட்ட, 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு விமானம் விட்டது. நேர்கோட்டில் சுமார் 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணித்தியாலம் போதும். அன்று ஓடியதோ தண்ணீரில் இறங்கும் கட்டலீனா. வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். காற்று எதிர்த்தால் 32 மணித்தியாலமும் ஆகும்.

அவ்வளவு தூரத்துக்கு சுமார் 9,000 லீற்றர் எரிபொருள் வேண்டும். அதை ஏற்றியபின் மிஞ்சிய எடைக்கு மூன்று பயணிகளும் கொஞ்சம் தபாலும்தான். துப்பாக்கிகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். தாங்கி நிறைய இருக்கும் முதல் பல மணித்தியாலங்களில் ஒரு என்ஜின் நின்றால் மற்றதால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. கீழே கடல், எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியிலும் பேச முடியாது. நட்சத்திரம் பார்த்துத்தான் வழி பிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் வேகா, ஸ்பைக்கா என்று நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள்.

ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிக்கும். நம்மவர் யாரும் ஏறியிருந்தால் வானத்திலேயே இரண்டு சுபஹ்! பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 வரை 271 தடவை கடந்தும் ஒரு விமானமும் விழவில்லை. இன்றைய மிக நீண்ட பயணமான சிங்கப்பூர் – நியூயோர்க் 15,000 கிலோமீற்றருக்கு மேல். ஆனாலும் 19 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தில் கொக்கலயை இன்னும் யாரும் மிஞ்சவில்லை.

இந்த வீரக்கதையில் யாரும் பெரிதாகச் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. அந்தத் தளத்துக்காக கொக்கல கிராமத்து மக்களை யுத்தகாலத்தில் வீடுவாசலை விட்டு எழுப்பினார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அது. அவர் பிறந்த வீடு மட்டும் தப்பி, இன்று நூதனசாலையாக நிற்கிறது. காலிப் பக்கம் போகிறவர்கள் வாவியோடு அதையும் பாருங்கள்.