பழைய மரச்சாமான்களுக்கு மறுமெருகு

மறுமெருகு என்பது புழங்கித் தேய்ந்த மரச்சாமானின் மேற்பூச்சைச் சரிசெய்து புதுப்பிப்பது, அல்லது அதை அடியோடு எடுத்துவிட்டு வேறு பூச்சு கொடுப்பது. அமெரிக்காவில் இது பட்டறைத் தொழிலாக மட்டுமன்றி வீட்டுக் கைவேலையாகவும் வேரூன்றியிருக்கிறது. வீடு மாறுகிறவர்களும், பெரியவர்கள் மறைந்தபின் வீட்டைக் காலி செய்கிறவர்களும், வார இறுதியில் வீட்டு வாசல் புல்தரையிலோ கார் கொட்டகையிலோ சாமான்களைப் பரப்பி விற்கும் ‘யார்டு சேல்’ வழக்கம் அதற்கு வேண்டிய மரத்தைச் சொற்ப விலைக்குத் தருகிறது. அப்படி யாரும் வாங்காதவை எங்கே போகின்றன என்பதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு காட்டுகிறது: 2018இல் மட்டும் 1 கோடியே 21 லட்சம் அமெரிக்க டன் அறைகலன்களும் வீட்டு அலங்காரப் பொருள்களும் குப்பையாயின, அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தில் புதைக்கப்பட்டது. ஆகவே ஒரு பழைய மேசையை மீட்பது செய்யத்தக்க வேலைதான். ஆனால் வாங்கி வந்த கையோடு பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக அடித்துவிடும் பரவலான முறை வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறது. முதலில் துடைக்க வேண்டும், பிறகு பூச்சு இன்னதென்று அறிய வேண்டும், அதன் பின் பழுது பார்க்க வேண்டும். பூச்சை அகற்றுவது இவை எதுவும் பலிக்காதபோது எடுக்கும் கடைசி முடிவு.

இந்த வரிசைக்குக் காரணம் பூச்சுகளின் வரலாற்றில் இருக்கிறது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பின் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் அமெரிக்க அறைகலன் தொழிலின் தலைநகராக வளர்ந்தது. அந்தக் காலத்துச் சாமான்களில் பெரும்பாலானவற்றின் மேல் இருந்தது அரக்கு மெருகு. பலாசு, பூவம், இலந்தை மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது அது. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிக் காடுகள்தான் உலகச் சந்தைக்கான அரக்கின் முக்கிய ஊற்று. 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கூமில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1920களில் வேகமாக உலரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் முதலில் கார்களுக்கும் பிறகு அறைகலன்களுக்கும் வந்து, தொழிற்சாலைகளில் அரக்கின் இடத்தைப் பிடித்தது. எனவே சாமானின் வயது தெரிந்தால் பூச்சைப் பற்றி ஓர் ஊகம் கிடைக்கும். ஊகம் சோதனைக்கு ஈடாகாது. இடையில் யாரேனும் மேலே வார்னிஷ் அடித்திருக்கக்கூடும்.

அரக்கும் லாக்கரும் ஓரினம்: கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சும் படலம் அவை, அதே கரைப்பான் திரும்ப வந்து தொட்டால் மறுபடி இளகும். எண்ணெய் வார்னிஷும் பாலியூரித்தேனும் வேறு இனம். காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், உலர்ந்த பின் தம்மைக் கரைத்திருந்த திரவத்துக்கே மசிவதில்லை. சோதனை எளிது. மேசைக்காலின் உட்புறம் போல, கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்தால் அரக்கு பிசுபிசுக்கும். அதற்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால், பழைய சாமானைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது வார்னிஷ் வகை. இந்த இரண்டு துளிகள்தான் மீதி வேலை முழுவதையும் தீர்மானிக்கின்றன. வெடிப்பு விட்ட அரக்குப் பரப்பின் மேல் ஸ்பிரிட்டைத் தூரிகையால் தடவினால் பழைய படலமே இளகி ஓடி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன் மேல் பூசும் புதிய அரக்கு பழையதோடு கலந்து ஒரே படலமாகிவிடும். வேறு எந்த மெருகும் பழுது பார்ப்பவருக்கு இவ்வளவு இணங்கிப்போவதில்லை. அந்தக் குணத்தைக் கண்டுகொள்ளாமல் சுரண்டி எறிவது அறியாமையால் நேரும் விரயம்.

பூச்சு போனால் போகட்டும், அடியில் நல்ல மரம் இருக்கிறதே என்பார்கள். அந்த நல்ல மரம் பல நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைச் சாமான்களில் கண்ணுக்குத் தெரிவது மலிவான மரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர். மின்தேய்ப்பான் சில நொடி ஒரே இடத்தில் நின்றால் போதும், அடிமரம் பல்லிளிக்கும், அதைத் திருப்ப வழியே இல்லை. வெனீர் இல்லாத முழு மரத்திலும் நிறம் ஆழமாக இறங்கியிருப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தின் அறைகலன் வடிவமைப்பாளர் கஸ்டவ் ஸ்டிக்லியின் பட்டறையில் ஓக் சாமான்களை அம்மோனியா புகையில் வைத்துக் கருக்குவார்கள். மரத்திலுள்ள டானினோடு அம்மோனியா வினைபுரிந்து உண்டான அந்தப் பழுப்பு, மேல்தோலோடு நின்றுவிடுவது. தேய்த்தால் போய்விடும், சாயம் பூசி அதே தோற்றத்தைக் கொண்டுவருவது கடினம். கறைகளிலும் பகுத்தறிதல் வேண்டும். தம்ளர் வைத்த வெள்ளை வளையம் பெரும்பாலும் பூச்சுக்குள் புகுந்த ஈரம் மட்டுமே. ஸ்பிரிட் தோய்த்துப் பிழிந்த துணியால் மேலாக ஒற்றினாலே மறையக்கூடும். கரிய வளையம் என்றால் ஈரம் மரத்தையே எட்டி, இரும்பும் டானினும் சேர்ந்துவிட்டன என்று பொருள். அங்கே மட்டும் பூச்சை எடுத்து ஆக்ஸாலிக் அமிலம் வைப்பதைத் தவிர்க்க முடியாது.

பூச்சைக் காப்பாற்றச் சொல்வோர் பணமதிப்பையும் சுட்டுவதுண்டு. 1997இல் ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்த ஒரு சிறு மேசை, யார்டு சேலில் 25 டாலருக்கு வாங்கப்பட்டது. பாஸ்டனின் ஜான் சீமோரும் மகன் தாமஸும் செய்தது என்று தெரியவந்து, மறு ஆண்டு சாதபீஸ் ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆனால் இதை வைத்து எந்தப் பழைய பூச்சையும் தொடாதே என்று விதி செய்வது தவறு. பூச்சுகள் பற்றி நீண்ட காலமாக எழுதிவரும் பாப் பிளெக்ஸ்னர், அந்த நிகழ்ச்சி பரப்பிய அச்சத்தால் நல்ல சாமான்கள் பல கவனிப்பின்றிக் கெடுகின்றன என்று வாதிடுகிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பூச்சின் வேலை அழகு மட்டுமன்று. மரத்துக்குள் ஈரம் ஏறி இறங்கும் வேகத்தை அது குறைக்கிறது. செதில் செதிலாக உரிந்த பூச்சு அந்த வேலையைச் செய்யாது. மரம் நெளியும், வெனீர் தூக்கிக்கொள்ளும். யார்டு சேலில் கிடைப்பவை பெரும்பாலும் தொழிற்சாலைச் சாமான்கள் என்பதும் உண்மை. ஆகவே மெருகைக் காக்கச் சொல்வதற்கு ஏலவிலை காரணமாக முடியாது. வெனீரின் கனமும், நிறத்தின் ஆழமும், பூச்சு இளகும் குணமுமே காரணங்கள். இவை மூன்றும் தேறாத இடத்தில் தயங்காமல் அகற்றலாம். பிள்ளைகள் சாப்பிடும் மேசைக்கு, சூட்டுக்கும் மதுவுக்கும் தோற்கும் அரக்கைவிடப் பாலியூரித்தேனே தகும். அகற்றும்போதும் சாமானைக் காரத் தொட்டியில் முக்கி எடுக்கும் கடைகளைத் தவிர்ப்பது நல்லது. பழைய மூட்டுகளைப் பிடித்திருக்கும் வச்சிரப் பசை நீரிலும் சூட்டிலும் விட்டுப்போகும்.

உடல்நலமும் அகற்றுவதற்கு எதிராகவே பேசுகிறது. பல்லாண்டுகள் பூச்சு நீக்கிகளில் முக்கியப் பொருளாயிருந்த மெத்திலீன் குளோரைடு, மூடிய அறையில் மயக்கத்தையும் மரணத்தையும் தந்தது. உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. 1980 முதல் 2018 வரை அமெரிக்காவில் குறைந்தது 85 பேர் அதற்குப் பலியானதாக ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. 2019இல் அது கலந்த பூச்சு நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பது நிறுத்தப்பட்டது. 2024இல் தடை மேலும் விரிந்தது. ஈயம் கலந்த பெயின்டுக்கு 1978இல்தான் அங்கே தடை வந்தது என்பதால், அதற்கு முந்தைய பெயின்டு அடித்த நாற்காலியை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. அந்தத் தூசியின் முதல் இரை தரையில் தவழும் குழந்தை. பூச்சைக் காத்து எண்ணெய் மட்டும் பூசுகிறவருக்கும் ஓர் அபாயம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் உள்ளே அடைபட்டுத் தானே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவில் மூண்டு, மூன்று தீயணைப்பு வீரர்களைக் கொன்ற தீ, மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பித்த வேலையாட்கள் விட்டுச்சென்ற அத்தகைய துணிகளிலிருந்து கிளம்பியதுதான். துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் போட்டு மூடிவைக்க வேண்டும்.