பெறுபேறும் வறுமையும்

ஏழைகள் வாழும் பகுதியிலுள்ள பாடசாலையைப் பரீட்சைப் பெறுபேற்றால் அளந்து, ‘தரங் குறைந்தது’ எனத் தீர்ப்புக் கூறும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதற்கொரு வரலாறு உண்டு.

1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘திருத்திய விதிக்கோவை’ நடைமுறைக்கு வந்தது. தொழிலாளரின் பிள்ளைகள் கற்ற ஆரம்பப் பாடசாலைகளுக்குரிய அரசாங்க நன்கொடை அதன்மூலம் பரீட்சையோடு பிணைக்கப்பட்டது. கல்விக்குப் பொறுப்பாயிருந்த றொபேட் லோ, இம்முறை பயன் தராவிடின் செலவாவது குறையும் என்ற கருத்தில் பாராளுமன்றத்தில் வாதாடினார். 200 தடவைக்கு மேல் வரவுள்ள பிள்ளையொன்றுக்கு 8 ஷிலிங். வாசிப்பு, எழுத்து, கணிதம் என்னும் மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷிலிங் 8 பென்ஸ் வெட்டு. செல்வர் மைந்தர் பயின்ற ஈட்டன் முதலிய கல்லூரிகளை இவ்விதி தீண்டவேயில்லை!

விளைவு யாது? அறுவடைக்கும் ஆலைக்கும் சென்ற பிள்ளையின் வரவு குறைந்தது. அதனால் நன்கொடையும் குறைந்தது. எங்கு வறுமை மிகுந்திருந்ததோ, அங்கேயே பணம் சுருங்கிற்று. ஆசிரியரின் ஊதியம் அந்நன்கொடையை நம்பியிருந்தமையால், பிள்ளைகள் பாடநூலைப் பொருளறியாது மனனஞ் செய்தனர். பாடசாலைப் பரிசோதகராயிருந்த மத்தியூ ஆர்னல்ட் 1862இலேயே இதனைக் கண்டித்தெழுதினார். எனினும் 1890இல்தான் இம்முறையின் அடித்தளம் தகர்ந்தது. தலைமைப் பரிசோதகராயிருந்து ஓய்வுபெற்ற எட்மன்ட் ஹோம்ஸ், 1911இல் வெளியிட்ட நூலில், அது விளைத்த கேட்டை விரித்துரைத்தார்.

குடியேற்ற நாடான இலங்கையையும் இவ்வளவுகோல் விட்டுவைக்கவில்லை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதையடுத்து வந்த உதவி நன்கொடை முறையும் பெறுபேற்றையே ஆதாரமாகக் கொண்டது. பின்னர் அம்முறை மறைந்தது. ஆனால் அதன் மனப்பான்மை மறைந்துவிட்டதா?

நம் மலையகத்தை நோக்குவோம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றபோதும் அவை ஒதுக்கப்பட்டன. 1977இன் பின்னரே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. ஓராசிரியரே பல வகுப்புகளை நடத்திய கூடங்களில் கற்றோரின் பேரப்பிள்ளைகளை இன்று கொழும்புப் பிள்ளைகளோடு ஒரே பட்டியலில் நிறுத்துகின்றோம். அப்பட்டியலில் இந்த முப்பது ஆண்டுத் தாமதத்துக்கு ஒரு நிரல் உண்டா?

ஒப்பீடே கூடாதென்பது நம் வாதமன்று. ஒப்பிடாவிடின் அநீதி கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் பிள்ளை எங்கே முடித்தது என்பதை மட்டுமன்றி, எங்கிருந்து தொடங்கியது என்பதையும் அளத்தல் வேண்டும். ஆசிரியர் எத்தனை பேர், நூலகம் உண்டா, காலையில் உணவு உண்டா என்பனவும் அக்கணக்கிற் சேர்தல் வேண்டும். குறைந்த பெறுபேறு கண்டவிடத்து லோ நன்கொடையை வெட்டினார்; நீதியான சமுதாயமோ அங்கேதான் மேலதிக ஆசிரியரை அனுப்பும். பெறுபேற்றுப் பட்டியல் ஏழைப் பாடசாலைமீது எழுதப்பட்ட தீர்ப்பன்று. சமுதாயம் அதற்குத் தீர்க்கவேண்டிய கடனின் கணக்கே அது.