ஏழு மணிக்குப் பிறகு

கணினி அறிவியல் இளங்கலையின் ஆறாம் பருவம் ஒரு விநோதமான காலம். படிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. வேலை இன்னும் வரவில்லை. புராஜெக்ட் அறிக்கைக்கு ஸ்பைரல் பைண்டிங் போட வேண்டும், அரியர் இருந்தால் எழுதி முடிக்க வேண்டும், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு நல்ல சுடிதார் வேண்டும். வடசென்னையில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த மாணவிகள் முதல் நான்கு பருவங்களுக்கு மட்டுமே சொந்தம். ஆனாலும் கடைசிப் பருவத்தில் கேள்விகளோடு திரும்பி வருவார்கள்.

அவற்றில் இரண்டு ஆண்டுதோறும் வருகின்றன. முதலாவதைச் சிரித்துக்கொண்டு கேட்பார்கள்: “மிஸ், ஃபர்ஸ்ட் புரோகிராம் எழுதினது ஒரு லேடியாமே?” இரண்டாவதைக் குரல் தாழ்த்தி: “எந்த ஷிஃப்டா இருந்தாலும் ஓகேவான்னு ஃபார்ம்ல கேக்கறாங்க மிஸ். வீட்ல எப்படிச் சொல்றது?” இரண்டையும் ஒரே வரலாறாகத்தான் நான் படிக்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் 1843இல் இருக்கிறது. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த, கடைசிவரை கட்டி முடிக்கப்படாத ஒரு கணக்கு எந்திரத்துக்கு, பெர்னூலி எண்களைக் கணக்கிடும் வழிமுறையை எழுதி அச்சிட்டார் அடா லவ்லேஸ். அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தும் ‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் ஆளைத்தான் குறித்தது: கணக்குப் போடும் வேலையில் இருப்பவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணக்கிட, கணிதம் படித்த பெண்களை அந்தப் பெயரில்தான் வேலைக்கு எடுத்தது. அவர்களில் ஆறு பேர் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறிக்கு முதல் புரோகிராமர்கள் ஆனார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன்.

1946 பிப்ரவரி 15 அன்று எனியாக் விழா. பீரங்கிக் கணக்கைச் செய்துகாட்டும் புரோகிராமில் இருந்த பிழையோடு ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் முந்தைய இரவுவரை மல்லுக்கட்டினார்கள். செயல்விளக்கம் வெற்றி. அன்று இரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பில்லை. இரவில் வேலை செய்ய அவர்கள் தேவைப்பட்டார்கள். விருந்து மேசைக்குத் தேவைப்படவில்லை.

சென்னையிலும் அதே பத்தாண்டில் ஒரு கதவு திறந்தது. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த அ. லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் தேறினார். அச்சடித்த சான்றிதழில் ஆண்பால் சொல்தான் இருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதே 1940களில்தான் எங்கள் பகுதியின் இன்றைய முகமும் உருவானது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியது பின்னாளைய எம்.ஆர்.எஃப். 1948இல் எண்ணூரில் மோட்டார் ஆலை வந்தது. அதே 1948இல் தொழிற்சாலைகள் சட்டமும் வந்தது. அதன் 66ஆம் பிரிவு, காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணிவரை மட்டுமே பெண்கள் ஆலையில் வேலை செய்யலாம் என்றது. மாநில அரசு நேரத்தைக் கொஞ்சம் மாற்றலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை கூடாது. காரணம், பாதுகாப்பு. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை, ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் வரக்கூடிய ஆளை ஏன் எடுக்கப்போகிறது? சங்கு ஊதும் ஊரில் ஷிஃப்ட் என்றால் ஆம்பளை வேலை என்றானதில் இந்தப் பிரிவுக்கும் பங்குண்டு.

ஆனால் காசிமேட்டு ஏலத்துக்கு விடியுமுன் அன்னக்கூடையோடு போகும் மீன்காரப் பெண்ணை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை, காக்கவும் இல்லை. எடையையும் விலையையும் வட்டியையும் மனசுக்குள் போட்டுப் பார்த்து ஏலம் கேட்கும் அவளும் கணக்குக்காரிதான். சம்பளமும் சங்கமும் இருந்த இடத்தில் இரவு பெண்ணுக்கு ஆபத்தானது. அவை இல்லாத இடத்தில் அதே இரவு அவள் பாடு.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா தொடுத்த வழக்கில், அந்த இரவுத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தடையை நீக்கியதோடு நிறுத்தாமல், இரவில் பெண்களை வேலைக்கு வைப்பவர் வாகன வசதி, ஓய்வறை தர வேண்டும், பாலியல் தொந்தரவைத் தடுக்க வேண்டும், தனியாக வைக்காமல் குழுவாக வைக்க வேண்டும் என நிபந்தனைகளையும் விதித்தது. பாதுகாப்பு அதுவரை பெண் வீட்டுக்குள் இருந்து நிறைவேற்ற வேண்டிய கடமையாக இருந்தது. தீர்ப்பு அதை முதலாளியின் கடமையாக்கியது. கணினி நிறுவனங்கள் தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் வராதவை. ஆனாலும் இந்த நியாயம் அவற்றுக்கும் பொருந்தும். அதே 2000இல்தான் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது.

தரமணி நகரத்தின் தென்கோடி. எண்ணூர் வடகோடி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்தது; தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ரயில் நிலையத்தின் பெயரானது. அதற்கு அப்பால் கத்திவாக்கத்திலும் எண்ணூரிலும் இருப்பவளுக்கு, இரவு வேலை முடிந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வீடு சேர்வதுதான் கடைசித் தேர்வு.

இவள் ஆறாம் பருவம்வரை வந்ததற்கும் வரலாறு உண்டு. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தமிழக அரசு தொடங்கியது திருமண உதவித் திட்டம். 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவரின் பெயரில் தாலி! 2022 செப்டம்பர் 5 அன்று, அதே பெயரில் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. தொடக்க விழா நடந்ததும் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

ஆகவே இரண்டாம் கேள்விக்கு இப்படிச் சொல்கிறேன். வீட்டில் அனுமதி கேட்பதற்கு முன் கம்பெனியிடம் கேள்வி கேள். வண்டி உண்டா? தெருமுனையில் விடுமா, வாசலிலா? வண்டியில் கடைசியாக இறங்கும் பெண்ணோடு காவலர் வருவாரா? ஷிஃப்டில் எத்தனை பெண்கள்? புகார்க் குழுவில் யார் யார்? பதில்களை எழுத்தில் வாங்கி அம்மாவிடம் படித்துக் காட்டு. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய்ப் பழகிய அம்மாக்கள் இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. யார் பொறுப்பு என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.